பக்கத்து வீட்டு வேலி

பக்கத்து வீட்டு வைதேகி வேலி கட்டப்போகிறாள் என்று தெரிந்ததும் வடிவேலுவுக்குச் சுருக்கென்றது. சிங்கப்பூர் செம்பவாங்கில் அவர்கள் இருவர் வீட்டுக்கும் நடுவே இத்தனை வருஷமும் வெறும் புல்வெளிதான்.

ஜன்னல் வழியே குரல் கொடுத்தார். "என்னம்மா, ஜாலான் புசார் மரக்கடையையே தூக்கிட்டு வந்துட்டியா? எதுக்கு இவ்வளவு மரம்?"

"வேலிக்குத்தாண்ணே! யூடியூப் பார்த்து நானே கட்டுறேன் லா."

"இப்ப எதுக்கு வேலி?"

"தேவைப்படுதுண்ணே," என்று சிரித்தாள்.

எல்லையில் முதல் கம்பம் இறங்கியதுமே அவர் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டார். ரெண்டு மாதமாகச் சாயங்கால டீக்கு அங்கே போகவில்லைதான். அதற்காக இப்படியா முகத்தில் அடிப்பது?

நாள் முழுக்க டிரில் மெஷின் சத்தம். "கம்பம் நேரா நிக்குதா பாரு!" என்று கத்த வாயெடுத்தார். அடக்கிக்கொண்டார்.

சாயங்காலம் பின்கதவைத் தட்டினாள் வைதேகி.

"அண்ணே, வேலி முடிஞ்சிருச்சு. உயரம் சரியான்னு கை வச்சுப் பாருங்க."

"உன் வேலி, என்னை ஏன் கேக்குற?" என்று முறைத்தபடி கதவைத் திறந்தார். இரண்டு வீட்டையும் பிரித்துக் குறுக்கே ஓடவேண்டிய வேலி, அவர் பின்வாசற்படியில் தொடங்கி நேராக அவள் சமையலறை வாசலில் போய் முடிந்திருந்தது.

"முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் கைத்தடி பிடிக்க மாட்டேன்னு வீம்பு பண்ணிட்டு வீட்டுக்குள்ளயே கிடக்கீங்க. வேலியைப் பிடிச்சுக்கிட்டு வரலாம்ல?"

வடிவேலு மேல்கட்டையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"மூணாவது கம்பம் சாஞ்சிருக்கு," என்றார் விறைப்பாக. "போய் டீயைப் போடு. வந்து சொல்றேன்."