பேட்டரி தின்னும் ரேடியோ

"நீ மாட்டின ரேடியோ மறுபடியும் என் பேட்டரியைத் தின்னுடுச்சும்மா. இது மூணாவது தடவை."

கார்களுக்கு ரேடியோ மாட்டும் அந்தக் கடையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கொரின் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை மேஜை மேல் வைத்தாள். போட்டாள் என்பதுதான் சரி.

ஆர்விட் ஸ்டெனர்சன் கோதுமை விளைவித்து ஓய்ந்தவர். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் அந்தச் சின்ன ஊரில் அவர் குரலை உயர்த்தினால் கடைத்தெரு முழுக்கக் கேட்கும். போன மாதம்தான் தன் பழைய காருக்குப் புது ரேடியோ, நல்ல ஸ்பீக்கர்கள், சத்தத்துக்கு வலு கொடுக்கும் ஆம்ப் எல்லாம் கொரினிடம் மாட்டிக்கொண்டு போனார். அன்றைக்குப் பிடித்தது சனி. திடீர் திடீரென்று பேட்டரி செத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் காரிலிருந்து வயர் கொடுத்துக் கிளப்பிவிட வேண்டியிருந்தது.

கொரினும் சும்மா இருக்கவில்லை. காரை அணைத்த பிறகும் ஆம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறதோ என்று முதலில் அதற்குப் போகும் வயரை மாற்றினாள். அடுத்த தடவை பேட்டரியையே மாற்றினாள். காரைக் கடையிலேயே நிறுத்தி மீட்டர் வைத்துப் பார்த்தும் ஒரு பொட்டு மின்கசிவு இல்லை. கடையில் சமர்த்தாக இருக்கும் கார், அவர் வீட்டுக்குப் போனதும் படுத்துக்கொண்டது.

"எஞ்சினை அணைச்சுட்டு உக்காந்து பாட்டு கேக்குறீங்களா சார்?" பொறுமையாகத்தான் கேட்டாள்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "சாவி என் பையிலேயே இருக்கு. வேலை தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு."

அவர் மனைவி மாக்சின் பக்கத்திலேயே தரையைப் பார்த்தபடி நின்றார். பக்கவாதம் வந்ததிலிருந்து அந்த அம்மாவுக்குப் பேச்சு இல்லை. தண்ணி வேண்டுமென்றால்கூடக் கையைத்தான் காட்டுவார். இந்த மனுஷனோடு எப்படித்தான் காலம் தள்ளுகிறாரோ என்று கொரினுக்குப் பரிதாபமாக இருந்தது.

கிழவர் பொய் சொல்கிறார், கையும் களவுமாகப் பிடித்தால்தான் வழிக்கு வருவார் என்று தீர்மானித்தாள். மறுநாள் மத்தியானம் மீட்டரை எடுத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் அவர் வீட்டுக்குக் கிளம்பினாள்.

கார் ஷெட்டின் கதவு பாதி தூக்கியிருந்தது. உள்ளே பாட்டுச் சத்தம். மாட்டிக்கொண்டார் பெரியவர் என்று குனிந்து உள்ளே போனாள்.

ஓட்டுநர் இருக்கை காலியாக இருந்தது. பக்கத்து இருக்கையில், கம்பளிக் குல்லாயோடு மாக்சின். எஞ்சின் ஓடவில்லை, வீட்டிலிருந்த மாற்றுச்சாவி தொங்கிக்கொண்டிருந்தது. ரேடியோவில் ஏதோ சர்ச் பாட்டு. கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடிக்கொண்டிருந்தார். ஒரு சொல் தடுக்கவில்லை, ஒரு சொல் உடையவில்லை.

பாட்டு முடிந்தது. அதில் வந்த 'வீடு' என்ற சொல்லை ராகம் இல்லாமல் சொல்லிப் பார்த்தார். "வீ..." என்று நின்றுவிட்டது. அதே அடியைப் பாடினார், வந்தது. மறுபடி சொல்லிப் பார்த்தார், நின்றது. மறுபடி பாடினார்.

கொரினின் கால் தகர டப்பாவில் இடித்தது. மாக்சின் வெலவெலத்துப் போனார். வீட்டுப் பக்கம் கையைக் காட்டி, உதட்டில் விரலை வைத்து, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கண் நிறைந்துவிட்டது.

புருஷன் காதில் விழுந்தால் என்ன சொல்லுவாரோ என்ற பயம் போலிருக்கிறது. கொரின் தலையசைத்துவிட்டு, மீட்டரை வெளியே எடுக்காமலே திரும்பினாள்.

அடுத்த நாள் இருவரையும் கடைக்கு வரச் சொன்னாள். நாலு பேர் முன்னால், "தப்பு என்னுதுதான் சார். வயரைத் தப்பா கொடுத்துட்டேன்" என்றாள். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவள் வாயிலிருந்து வராத வார்த்தை. ரேடியோவுக்கென்று தனியாக இன்னொரு பேட்டரி வைத்துக் கொடுத்தாள். அதற்கு ஒரு சார்ஜரையும் மாட்டி, ஷெட் சுவரில் எப்போதும் சொருகியே வைக்கச் சொன்னாள். குளிர்காலத்தில் எஞ்சின் உறைந்துபோகாமல் சூடேற்ற, அந்த ஊரில் காரெல்லாம் சுவரில் சொருகித்தான் நிற்கும். இன்னொரு வயரை யார் கவனிக்கப்போகிறார்கள்.

"இதை முதல்லயே ஒத்துக்கிட்டிருந்தா எனக்கு ஏன் இத்தனை அலைச்சல்?" என்று ஆர்விட் கடை அதிரக் கேட்டார். கொரின் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மனைவியைக் காரில் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, அவர் மட்டும் திரும்பி வந்தார்.

"இப்ப எவ்வளவு நேரம் தாங்கும்மா?" குரல் அடங்கியிருந்தது.

"எது சார்?"

"அவ பாடுறதுக்கு."

கொரின் சட்டென்று நிமிர்ந்தாள்.

"நேத்து நீ வந்தப்ப ஷெட்டுக்குப் பின்னாலதான் நின்னேன். தினமும் அங்க நின்னுதான் கேக்குறேன். நான் கேக்குறேன்னு தெரிஞ்சா கூச்சப்பட்டு நிறுத்திடுவா. நேத்து, நீ போனப்புறம், பாட்டு இல்லாமலே என் பேரைச் சொல்லிட்டா."

ஆனாலும் கொரினுக்கு மனத்தாங்கல் முழுசாக அடங்கவில்லை. "எல்லாம் தெரிஞ்சும் கடை நடுவுல என்னை அந்தப் போடு போட்டீங்களே சார்?"

ஆர்விட் கண்ணாடி வழியே காரைப் பார்த்தார்.

"பேட்டரி செத்துப்போறப்பல்லாம், தன்னாலதான்னு அவ மூஞ்சி வெளிறிப்போயிடும். அன்னைக்கும் கடையில பக்கத்திலேயே நின்னுட்டிருந்தா. நான் வேற யாரைம்மா திட்டுறது?"