அட்டைப்படத்துக் கை

‘கல்வெட்டைக் கண்டறிவதில் என் நெறியாளருக்கு உதவினேன்.’

தட்டச்சு செய்துவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அழித்தாள். அழித்த வேகத்தில் எதிர் மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

உட்கார்ந்திருந்த மேசை அவளுடையது இல்லை. விடுப்பில் போன பொருளாதாரத் துறைக்காரருடையது. கௌரவ விரிவுரையாளருக்கு இந்தக் கல்லூரியில் தனி நாற்காலி கிடையாது. அன்றைக்கு யார் வரவில்லையோ அவர் இடத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். கௌரவமெல்லாம் பெயரில்தான்.

இப்போது விளம்பரம் வந்திருப்பது நிரந்தர வேலைக்கு. வேறு ஊர்க் கல்லூரி, வரலாற்றுத் துறை, ஒரே ஓர் இடம். இதை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும்.

விண்ணப்பத்தோடு ஒரு பக்கக் கடிதம் கேட்டிருந்தார்கள். ஆய்வுலகிற்குத் தங்களின் முக்கியப் பங்களிப்பை விளக்குக.

விளக்க அவளிடம் ஒன்றுதான் இருந்தது. அது நெறியாளர் பெயரில் புத்தகமாக வந்திருந்தது.

காலையில் அவரே ஃபோன் செய்தார்.

“உதவினேன்னு போட்டுக்கோம்மா, போதும். இன்டர்வியூல எக்ஸ்பர்ட்டா நான்தான் உக்காரப்போறேன். மத்தத நான் பாத்துக்கறேன்.”

சரிங்க சார் என்று சொல்லிவிட்டாள்.



உதவினாளாம்.

ஆவுடையூரணியில் கல்வெட்டு தேடி வெயிலில் வீடு வீடாகப் போய் நின்றது யார்? ஒரு வீட்டுக் கொல்லையில், துணி துவைக்கிற கல்லின் ஓரத்தில் அரை எழுத்தைப் பார்த்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் முட்டி போட்டது யார்?

“ஏந்தாயி, நீ கல்லப் படிச்சுக்கிட்டே இருந்தா எந்துணிய யாரு தொவைக்கிறது?” என்று கேட்டாள் அந்த வீட்டுப் பேச்சியக்கா.

இவள்தான் துவைத்தாள். கிணற்றடிச் சிமெண்டுத் தரையில், அவ்வளவு துணியையும். பிறகு இரண்டு பேருமாகக் கடப்பாரை போட்டுக் கல்லைப் புரட்டினார்கள்.

கல் நழுவி இவளுடைய இடது கை மோதிர விரலில் விழுந்தது.

கத்தியது இவள். அழுதது பேச்சியக்கா. கட்டியிருந்த மஞ்சள் சேலையின் ஓரத்தைக் கிழித்துக் கட்டுப் போட்டுவிட்டாள்.

கல்லின் அடிப்பக்கம் முழுக்க எழுத்து. குளத்து மடையை யார், எந்த முறையில் திறப்பது என்று எண்ணூறு வருடங்களுக்கு முன்பு ஊர் கூடி வெட்டி வைத்தது. விரல் தெறித்துக்கொண்டிருக்கும்போதே இவள் சிரித்தாள்.

மறுநாள் சார் காரில் வந்தார். வேப்பமரத்து நிழலை விட்டு நகரவில்லை.

இவள் கல்லைக் கழுவினாள். எழுத்தைப் படியெடுக்க ஈரத் தாளை ஒட்டினாள். பிரஷ்ஷால் தட்டித் தட்டித் தாளை எழுத்துக்குள் இறக்கினாள். மை ஒற்றினாள். காற்றில் ஓரம் எழும்பாமல் இடது கையால் அழுத்திப் பிடித்தாள்.

அவர் ஃபோட்டோ எடுத்தார்.

அதுதான் புத்தகத்தின் அட்டை. கறுத்த தாள், வெள்ளை எழுத்து, ஓரத்தில் மணிக்கட்டோடு வெட்டப்பட்ட ஒரு கை. மோதிர விரலில் மஞ்சள் துணி.

கட்டு அவிழ்ந்த பிறகு அந்த விரலில் நகம் கோணலாகத்தான் முளைத்தது. இன்றைக்கும் அப்படியே.

கல்வெட்டைக் கண்டுபிடித்ததைப் பற்றி முன்னுரையில் ஒரு வரி. ‘ஊரார் மூலம் தகவல் கிடைத்தது.’

ஊரார்!

பேச்சியக்காவும் ஊரார். சாருக்குக் கீழே ஆறு வருடம் ஆய்வு செய்த இவளும் ஊரார். கொடுத்த பிரதியில் ‘அன்பு மாணவிக்கு, ஆசிகளுடன்’ என்று கையெழுத்து வேறு. அந்தப் புத்தகத்தைச் சுவரில் ஓங்கி அடிக்க வேண்டும்போல எத்தனையோ நாள் இருந்திருக்கிறது. இன்றைக்கு அந்த ஆளையே அடிக்க வேண்டும்போல இருந்தது.

உதவினேன் என்று எழுதினால் வேலை. அவரைப் பகைத்துக்கொண்டால் இதே இரவல் நாற்காலி, அதுவும் எத்தனை நாளைக்கோ.

வேலை கிடைத்தால் வருடா வருடம் அந்தப் புத்தகத்தை வகுப்பில் நடத்த வேண்டியிருக்கும். அட்டையைத் தூக்கிக் காட்டி, அவர் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும். அதுவும் இந்தக் கையால்.

மணி அடித்தது. எதிர் மேசைக்காரர் வகுப்புக்குக் கிளம்பினார். அவளுக்கும் வகுப்பு இருந்தது.

எழவில்லை.

‘இக்கல்வெட்டை நான் கண்டுபிடித்தேன்’ என்று தட்டினாள். ‘ஆவுடையூரணி பேச்சியம்மாள் வீட்டுக் கொல்லையில், அவரோடு சேர்ந்து கல்லைப் புரட்டி.’

பயமில்லை என்று சொல்ல முடியாது. கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆதாரம் எங்கே என்று கேட்பார்கள். அவரே கேட்பார்.

விண்ணப்பப் படிவத்தைத் திறந்தாள். பெயர், பிறந்த தேதி, சாதி எல்லாம் நேற்றே நிரப்பியாயிற்று. அங்க அடையாளம் என்ற இடத்தில், பள்ளிக்கூட நாளிலிருந்து எழுதி வந்ததையே எழுதியிருந்தாள். வலது முழங்கையில் ஒரு மச்சம்.

அதை அழித்தாள்.

‘இடது கை மோதிர விரலில் கோணல் நகம். கல் விழுந்த காயம். கட்டுப் போட்ட நிலையில் காண: இணைப்பு 4, நூலின் அட்டைப்படம்.’

அனுப்பினாள்.

படிவத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. நேர்காணலின்போது அசல்கள் அனைத்தையும் குழுவின் முன் காட்ட வேண்டும்.

அவர் நேர் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார்.

காட்டலாம்.