வில்ஃப் தேடிய பைலட்

1943. இங்கிலாந்தின் குண்டுவீச்சு விமானத் தளம். "தேநீர் மணி அடிக்கறதுக்குள்ள, ஒரு விமானத்துக்கு ஒரு பைலட்டோட சேர்த்து ஏழேழு பேரா நீங்களே சேர்ந்துக்கங்க" என்று இருநூற்றுப் பத்துப் பேரையும் ஒரு கொட்டகையில் விட்டுவிட்டுப் போனார் அதிகாரி. கல்யாணச் சந்தை தோற்றது போங்கள்!

விமானத்தின் வால்பகுதியில் உட்கார்ந்து சுடும் துப்பாக்கிக்காரன் வில்ஃப், ஐந்து பேரைப் பிடித்துவிட்டான். பைலட்தான் பாக்கி.

"பொண்டாட்டி மாசமா இருக்கா. என்னை உயிரோட திருப்பிக் கொண்டுவர்றவன் வேணும்" என்று, பக்கத்தில் ஓவர்கோட்டோடு நின்ற குள்ளனிடம் புலம்பினான். "அந்த நெட்டையன் எப்படி?"

"மேகத்தைக் கண்டாலே கண்ணை மூடிக்குவான், அண்ணே."

"மீசைக்காரன்?"

"லண்டனுக்குக் கிளம்பி அயர்லாந்துல இறங்கினவன்."

"அப்ப உருப்படியா ஒருத்தனும் இல்லையா?"

"ஒருத்தன் இருக்கான். ரெண்டு இன்ஜினும் நின்னுபோச்சு, வயல்ல இறக்கினான். மேய்ஞ்சுட்டிருந்த மாடு தலையைக்கூடத் தூக்கலை."

"அவன்தான் வேணும். எங்க அவன்?"

குள்ளன் ஓவர்கோட்டைத் திறந்தான். சட்டையில் பைலட்டின் இறக்கைச் சின்னம். "காலையிலேருந்து என்னை யாருமே கேக்கலைண்ணே."

"அப்ப மத்தவங்களைப் பத்திச் சொன்னது?"

"புளுகு. மாடு மட்டும் நிஜம்."

வில்ஃப் தன் ஆட்களைக் கூவி அழைத்தான். "பைலட் கிடைச்சாச்சுப்பா. என்னையே இந்த ஏய்ப்பு ஏய்க்கிறான், ஜெர்மன்காரன் எம்மாத்திரம்?"