மூலையில் ஒரு வளைவு

1994. கனடாவில், மார்க்கம் நகரத் தொழிற்சாலையொன்றில் அடுத்த பனிக்காலத்துக்கான, காலில் மாட்டிச் சறுக்கும் ஸ்கீ கட்டைகளின் மாதிரிகளைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். பார்த்துக் கருத்துச் சொல்ல வந்த சறுக்குப் பிரியர்கள் பன்னிரண்டு பேரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

"நெருப்புப் படமா? போன வருடமே அலுத்துவிட்டது."

"இந்த ஊதா, என் மாமியார் வீட்டுத் திரைச்சீலை!"

திடீரென்று ஒருத்தி குனிந்தாள். "இதென்ன, மூலையில் சின்னதாக ஒரு வளைவு? எவ்வளவு அழகு!"

எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். "சறுக்கித் திரும்பும்போது பனியில் விழும் தடம் இதேதான்!" என்றான் ஒருவன்.

மனேஜர், அச்சுப் பகுதியில் தற்காலிக வேலையிலிருந்த இராஜரட்ணத்தைக் கூப்பிட்டார். "இதைக் கீறியது யார்?"

"முதல் கட்டை என்று நான்தான் கீறினேன். அழித்துவிடுகிறேன், சேர்."

"அழிப்பதா? எல்லாக் கட்டையிலும் நடுவில் பெரிதாகப் போடு. நாளையிலிருந்து உனக்கு வேலை நிரந்தரம்!"

அன்று மாலை வெக்ஸ்போர்ட் பகுதியில் இருந்த அவர் வீட்டில், வேலை நிரந்தரம் என்று கேட்டதுமே மனைவி யோகமலர் சாமிப்படத்தைக் கும்பிட்டாள்.

"பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்குங்கோ எண்டு நான் சொன்னனான்தானே? பாத்தியளே, அவர் கைவிடேல்லை. வெள்ளிக்கிழமை கோயிலிலை தேங்காய் உடைப்பம்."

இராஜரட்ணம் காலில் கிடந்த சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார்.

"எந்த முகத்தோட கோயிலுக்கு வாறது, யோகம்? நாளையிலயிருந்து அந்தச் சுழியைக் கட்டையின்ர நடுவில அடிக்கப்போறன். அதிலதான் அவங்கள் சப்பாத்துக் காலோட ஏறி நிக்கிறது."