பாலத்தடி மாப்பிள்ளை

"மீன் மாட்டாத தூண்டில் முள் ஏதாவது இருக்கா அண்ணே?"

ரீலில் தூண்டில் நரம்பு சுற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். வாசலில் தெரிந்த அம்மாள் ஒருத்தி, கணவருடைய தூண்டில் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றாள்.

"அதுக்கு எதுக்கும்மா கடைக்கு வரணும்? என் தூண்டிலைக் கொண்டு போங்க. மாசக்கணக்கா ஒரு பொடிக்குஞ்சுகூட வரல" என்றார் பெஞ்சில் இருந்த மீசைக்காரர். அவர் வாடகைக் கார் ஓட்டுகிறவர். இந்தக் கடையில் அவர் வாங்குவது ஒரு தக்கை, உட்காருவது அரை நாள்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. பெட்டியை மேஜைமேல் வைத்தாள்.

"அவர் தூங்கறார். எழுந்திருக்கறதுக்குள்ள நான் போயாகணும். இதுல இருக்கற முள்ளையெல்லாம் மொட்டையாக்கிக் குடுங்க அண்ணே."

மீசைக்காரர் விருட்டென்று எழுந்துவிட்டார். ஒருவர் பெட்டியில் இன்னொருவர் கை வைப்பதா? கழிமுகத்தில் தூண்டில் போடுகிற அத்தனை பேரும் எதில் வேண்டுமானாலும் பொய் சொல்வார்கள், மீனின் எடையில் கூசாமல் சொல்வார்கள். அடுத்தவர் முள்ளை மட்டும் தொட மாட்டார்கள்.

"ஏம்மா, அவர் உங்களுக்கு என்ன பாவம் பண்ணினார்?"

"நேத்து மாப்பிள்ளை கடிச்சுட்டுதுங்க" என்றாள் அவள்.

மீசைக்காரர் மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தார். பழைய பாலத்தின் தூணுக்கடியில் இருக்கும் கிழட்டுக் கொடுவா மீனுக்குத்தான் அந்தப் பெயர். வைத்த இரையையெல்லாம் தின்றுவிட்டு முறுக்கிக்கொண்டு போகிற மீனுக்கு வேறென்ன பெயர் வைப்பது?

"கம்பு வில்லா வளைஞ்சுது. எனக்கு உயிரே போச்சு. அப்புறம் அதுவா கழண்டுக்கிச்சு."

"அடடா! கை நிறைய வந்ததை விட்டுட்டாரா?"

"விட்டதுக்கு நான் கும்பிடாத சாமி இல்ல." அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "எங்க பையன் தவறிப்போனது உங்களுக்கே தெரியும். அதுக்கப்புறம் அவர் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். சோறு வச்சாத் தின்பார், இல்லேன்னா இல்ல. திடீர்னு ஒருநாள் எழுந்து உட்கார்ந்து, 'அந்த ஒரு மீன் மட்டும் பிடிச்சுடறேன். நீ துடுப்புப் போட வா. பிடிச்சதும் படகை வித்துடறேன், உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன்'னார். எனக்குத் தண்ணின்னாலே நடுக்கம். அந்த மீன் நாத்தம் குடலைப் பிடுங்கும். ஆனா மனுஷன் எழுந்துட்டாரேன்னு போனேன். இன்னிக்கு வரைக்கும் போறேன்."

"அங்க வந்து பேசறாரா?"

"எங்க! அவரைப் பேச வைக்கணும்னு நான்தான் வாய் ஓயாமப் பேசிட்டே இருப்பேன். திட்டுவேன், பழங்கதை சொல்வேன், சில நாள் பாடக்கூடச் செய்வேன். அவர் கேட்டுட்டே இருப்பார். மாப்பிள்ளை மாட்டிட்டா படகு போயிடும் அண்ணே. அவர் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துட்டா என்னால தாங்க முடியாது."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். மீசைக்காரர் ஒரு யோசனை சொன்னார்.

"மீன் கடிக்கறப்ப படகைக் கொஞ்சம் ஆட்டி விட்டாப் போதுமேம்மா. நரம்பு தளர்ந்து முள் கழண்டுடும்."

"ஆட்டிப் பார்த்துட்டேன். நான்தான் தண்ணில விழப் பார்த்தேன்."

"மொட்டை முள்ளுன்னா அவரே கண்டுபிடிச்சுடுவாரே. கட்டறதுக்கு முன்னாடி நகத்துல வச்சுப் பார்ப்போம். வழுக்கிச்சுன்னா மொட்டை."

"அவர் அப்படியெல்லாம் பார்க்கறதில்ல. எடுப்பார், கட்டுவார், போடுவார்."

"இத்தனை வருஷம் தூண்டில் பிடிச்சவர், பார்க்கறதில்லையா?" மீசைக்காரர் நம்பாமல் உதட்டைப் பிதுக்கினார்.

கடைக்காரர் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை. அதன்பின் அரம் தேய்க்கிற சத்தம் கரகரவென்று வர ஆரம்பித்தது. அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

திரும்பி வந்தபோது கடைக்காரரின் கண்கள் சிவந்திருந்தன.

"அரத்தூள்" என்றார், யாரும் கேட்காமலே. "இந்தாங்கம்மா. இனிமே எது கடிச்சாலும் நிக்காது."

"அவருக்குத் தெரிஞ்சுடக் கூடாது அண்ணே."

"என் வாயிலேர்ந்து வராதும்மா. நீங்க தைரியமாப் போங்க."

அவள் பெட்டியை முந்தானையால் மூடிக்கொண்டு அவசரமாகத் தெருவில் இறங்கினாள். அவள் மூலை திரும்பும்வரை பொறுத்திருந்த மீசைக்காரர் வெடித்தார்.

"என்னய்யா காரியம் பண்ணிட்ட? அந்தம்மா அழுதா நீயும் அரத்தைத் தூக்கிடறதா? நாளைக்கு அந்த மனுஷன் வந்து உன் முன்னாடி நின்னா எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பேசுவ?"

கடைக்காரர் ரீலை எடுத்து மறுபடியும் நரம்பு சுற்றத் தொடங்கினார்.

"நான் தேய்ச்சது ஒரு பழைய ஆணியை. அந்த முள்ளுங்களுக்கு முனை போய் ரொம்ப நாளாச்சு. அவரே கொண்டாந்து குடுத்துத் தேய்க்கச் சொன்னார். 'மீன் ஆசையெல்லாம் எனக்குப் பையனோடயே போச்சுய்யா. ஆனா வீட்ல ஊமையா உட்கார்ந்திருக்கறவ, படகுல ஏறினாத்தான் வாயைத் திறக்கறா. அந்த மீன் மாட்டிட்டா அவளை என்ன சொல்லி நான் வெளியில கூட்டிட்டு வருவேன்?'னார்."