லேபிள் இல்லாத பாட்டில்

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் நகக்கண்ணில் அந்தப் பசை போகவில்லை.

ஈரக் கையோடு அவள் அலமாரியை மறுபடி திறந்தாள்.

பரிசோதனைக் கிட்டுகள் ஒரு பக்கம். ஆணுறைப் பெட்டிகள் ஒரு பக்கம். நடுத்தட்டின் மூலையில் ஒரு வட்டம். பாட்டில் நின்ற இடத்தில் மட்டும் தூசி இல்லை.

தாலுகா ஆஸ்பத்திரியின் கடைசி அறை இது. வெளியே பலகையில் நம்பிக்கை மையம் என்று எழுதியிருக்கும். வருகிறவர்கள் பலகையைப் பார்க்காத மாதிரிதான் உள்ளே நுழைவார்கள். பரிசோதனை முடிவைச் சொல்வதும் அவள்தான், சொன்ன பிறகு அழுகிறவர்களோடு உட்கார்ந்திருப்பதும் அவள்தான். மருந்து இருப்பைப் பார்த்துக்கொள்வதும்.

மாடியில் பிரசவ வார்டு. இன்று விடியும்போது இசக்கியம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது.

டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. முந்திக்கொண்டு வந்துவிட்டது.

தாயின் எச்.ஐ.வி குழந்தைக்குத் தொற்றாமல் இருக்க, பிறந்தவுடன் அதன் வாயில் ஒரு சிரப்பைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு காவல். வெளிக்கடைகளில் கிடைக்காது.

இசக்கிக்கென்று ஒரு பாட்டில் எடுத்து வைத்திருந்தாள்.

இருந்ததே அது ஒன்றுதான்.

முந்தாநாள் அதை வெந்நீரில் ஊறப்போட்டாள். லேபிள் தோலைப் போல உரிந்து வந்தது. மிச்சத்தை நகத்தால் சுரண்டினாள்.

அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவளிடம் சொல்லவில்லை.

போன வருஷம் ஒரு பெண், பாட்டிலை ஜன்னலோரம் வைத்திருந்தாள். கொழுந்தன் அதிலிருந்த பெயரைச் செல்போனில் தட்டிப் பார்த்தான். அன்று சாயங்காலமே அவளைப் பிள்ளையோடு பஸ் ஏற்றிவிட்டார்கள். எந்த ஊருக்குப் போனாள் என்று தெரியவில்லை. பிறகு அவள் மருந்துக்கும் வரவில்லை.

அதற்கப்புறம் வீட்டுக்குப் போகிற எந்தப் பாட்டிலிலும் பெயரை விட்டுவைப்பதில்லை. கையில் கொடுக்கிற அன்றுதான் சுரண்டுவாள். இந்த ஒரு முறைதான் முன்கூட்டியே செய்தாள். இசக்கி வரும்போதெல்லாம் பெயரைச் சுரண்டியாயிற்றா என்றுதான் கேட்பாள். மருந்து வேலை செய்யுமா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. புருஷனுக்குத் தெரியும்; அவனுக்கும் இருக்கிறது. மாமியாருக்குத் தெரியாது.

நேற்று மாவட்டத்திலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள்.

அதிகாரி பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். என்ன மருந்து, எந்தத் தேதிவரைக்கும், ஒன்றும் இல்லை. அவள் சொன்னாள். ஏன் சுரண்டினாள் என்பதையும் சொன்னாள்.

அவர் கோபப்படவில்லை.

"உங்க பிள்ளையா இருந்தா இதைக் குடுப்பீங்களாம்மா?"

அவர் கேட்டது சரிதான். அதுதான் தாங்கவில்லை.

பாட்டிலைக் கழிவுப் பையில் போட்டு வாயைக் கட்டினார்கள். கிடங்கில் நிறைய இருக்கிறது, கேட்டால் நாளைக்கே வந்துவிடும் என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

காலையில் கிடங்குக்குப் பேசினாள்.

"சிஸ்டத்துல நாப்பது பாட்டில் இருக்குங்க மேடம். பெட்டியைப் பிரிச்சா பூரா கையுறை."

கிடங்குக்காரர் சிரித்தார். அவள் சிரிக்காததைக் கவனித்துவிட்டு, சென்னையிலிருந்து அடுத்த வாரம் வண்டி வரும் என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டாள். பக்கத்து மாவட்டத்தில் கேட்டாள். தூரத்து மையம் ஒன்றில் ஒரு பெண், லைனில் இருக்கச் சொல்லிவிட்டு அலமாரியைத் தேடிப் பார்த்து வந்து, "இல்லக்கா" என்றாள். மற்றவர்கள் தேடாமலே சொன்னார்கள்.

மருந்து வரட்டும், பார்க்கலாம் என்று டாக்டர் அடுத்த பிரசவத்துக்குப் போய்விட்டார்.

ஒரு ஓரத்தை விட்டிருக்கலாம்.

பெயரை எடுத்துவிட்டு, தேதி இருந்த ஓரத்தை மட்டும்.

அரைகுறையாக எதையும் விட்டுப் பழக்கமில்லை அவளுக்கு.

அலமாரியைச் சாத்தினாள். மாடியேறினாள்.

மாமியார் கட்டிலோரம் கால் நீட்டி உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்திருந்தாள்.

"வாங்கம்மா, பிள்ளைக்கு எம்மவன் மூக்கு, பாத்தியளா? அப்படியே உரிச்சு வச்சிருக்கு. கோவத்தையும் சேத்துக் கொண்டாந்திருக்கோ என்னமோ."

பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்தார்கள்.

இசக்கி சிரிக்கவில்லை. வந்தவளின் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். வறண்ட உதடு காதில் உரசியது.

"சுரண்டிட்டியளாக்கா?"

அவள் வேறொன்றைச் சொல்லத்தான் வந்தாள். படியேறும்போது அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"சுரண்டிட்டேன்."

"எல்லாத்தையும்?"

"ஒரு எழுத்துகூட இல்லை."

பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. இசக்கி கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணின் ஓரத்திலிருந்து ஒரு கோடு இறங்கிக் காதுக்குள் போனது. நிம்மதிதான்.

மடியில் குழந்தை வாயைத் திறந்தது.

"சொட்டு மருந்து விடத்தானம்மா வந்திய?" என்றாள் மாமியார். "விடுங்க, நான் பிடிச்சுக்கிடுதேன்."

குழந்தையின் தாடையை இரண்டு விரலால் மெல்லப் பற்றி, வந்தவளின் முகத்தையே நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.