எட்டுக் குழாய்கள்

துணி காயப்போடும் கம்பத்துக்குப் பக்கத்தில் போனதும் மீட்டர் படபடவென்று கத்த ஆரம்பித்தது.

மாமியார் ஈரப் போர்வையை அப்படியே போட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனார். அதுவரை, "இந்தப் பெட்டியைத் தூக்கிட்டு நடக்கறதுக்கா இவ்வளவு படிச்சே?" என்று என்னை ஓட்டிக்கொண்டிருந்தவர். அவர் வாயை அடைக்கத்தான் மீட்டரை ஆன் செய்தேன். எனக்கு இது தேவையா?

தள்ளிப் பிடித்தேன். பல்லி மாதிரி எப்போதாவது ஒரு டிக். மறுபடி கம்பத்தில் வைத்தேன். காய்ந்த எண்ணெயில் கடுகு.

நான் வேலை பார்ப்பது எண்ணெய்க் கிணற்றுக் குழாய்களைச் சுத்தம் செய்யும் பட்டறையில். பூமிக்குள் பல வருடம் கிடந்த குழாயின் உட்புறத்தில், வெந்நீர்ப் பாத்திரத்தில் படிவது போல ஒரு வெள்ளைப் பொருக்கு படியும். ஆழத்திலிருந்து தண்ணீரோடு ஏறிவந்த ரேடியமும் அதில் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அது கதிர் வீசும். இந்தக் கதிர்வீச்சு மீட்டரால் குழாய்களை அளந்து, அளவு மீறியதற்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து ஓரங்கட்டுவதுதான் என் வேலை.

மீட்டர் வருவதற்கு முன்னால், அந்தப் பொருக்கைச் சுரண்டிப் பட்டறைக்குப் பின்னாலிருந்த ஓடையில் கொட்டினார்களாம். அந்த ஓடைக்கரை மண்ணைத்தான் இப்போது டிரம் டிரம்மாக அள்ளிக்கொண்டிருக்கிறோம். மீன் பிடிக்காதீர்கள் என்று பலகை வைத்ததும் நான்தான்.

ஊர் மண்ணையெல்லாம் அளந்தேனே, சொந்தக் கொல்லையை அளக்கத் தோன்றியதா?

மாமனார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நிதானமாக வந்தார். அதே பட்டறையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கம்பங்கள் இரண்டும் அங்கிருந்து அவர் கொண்டுவந்து நட்ட பழைய குழாய்கள். வருடம் தவறாமல் நீலப் பெயிண்ட் அடிப்பார்.

"மண்ணுக்குள்ளேருந்து வந்ததுதானேம்மா? இயற்கை. அது யாரை என்ன பண்ணும்?"

"தேளும் இயற்கைதான் மாமா."

மாமியார் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மகள் தினமும் சாயங்காலம் அந்தக் கம்பத்தில்தான் போர்வையைக் கட்டி வீடு வைத்து விளையாடுகிறாள்.

கணக்குப் போட்டேன். நம்பாமல் இன்னொரு தடவை போட்டேன். பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. குளவி கூடு கட்டிவிடும் என்று நடுவதற்கு முன்னால் மாமியார் பிடித்த பிடிவாதத்தில், கம்பத்தின் வாயைத் தகடு வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். உள்ளே இருந்த தூள் உள்ளேயே இருந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. மாமியாரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆனாலும் கம்பம் இனி இங்கே நிற்கக் கூடாது. பிடுங்கி எங்கேயாவது வீசவும் முடியாது, அப்புறம் அது இன்னொரு ஓடைக்கரை. படிவம் எழுத வேண்டும். பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிட வேண்டும்.

சிக்கலே அவர்தான். பட்டறையில் அவருக்குச் 'சட்டப்புத்தகம்' என்று பெயர். ஒரே ஒரு போல்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியவர். எனக்கு வேலை நிரந்தரமாகி ஒரு மாதம்தான் ஆகிறது. படிவத்தில் 'கொண்டுவந்தவர்' என்ற கட்டத்தில் மாமனார் பெயரை என் கையாலேயே எழுத வேண்டும். எழுதிவிட்டு ராத்திரி இதே வீட்டில் அவருக்குச் சாப்பாடு போட வேண்டும்.

"போன் போடும்மா," என்றார் மாமனார். "வேற யாரையும் அனுப்ப வேணாம், அவரையே வரச் சொல்லு."

முகத்தில் துளி பயம் இல்லை. மனுஷனுக்கு என்ன ஆச்சு என்று நினைத்துக்கொண்டே போன் செய்தேன்.

அரை மணி நேரத்தில் சட்டப்புத்தகம் வந்து இறங்கினார். கையுறை மாட்டினார். கம்பத்தை இரண்டு சுற்று சுற்றினார். அப்புறம் மாமனாரைப் பிடித்துக்கொண்டார். பட்டறைப் பொருள் பட்டறைக்குத்தான் என்றார். குழந்தை இருக்கிற வீடு என்றார். இத்தனை வருட சர்வீஸில் கற்றுக்கொண்டது இதுதானா என்றார். மாமனார் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றுக்கும் சமர்த்தாகத் தலையாட்டினார். நான் தலையைக் குனிந்து படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். மாமியார் துணிகளைத் தோளில் சுமந்தபடி, பேச்சு முடிந்ததும் இதையெல்லாம் எங்கே காயப்போடுவது என்று கேட்கக் காத்திருந்தார்.

சட்டப்புத்தகம் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் மாமனார் மெதுவாகச் சொன்னார்: "அன்னைக்கு லாரியில ஏத்தினது மொத்தம் எட்டு பைப்பு சார். இங்க இருக்கறது ரெண்டு."

மீதி ஆறு எங்கே என்று கேட்க, பேனாவோடு நிமிர்ந்தேன்.

மாமனார் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டப்புத்தகம் நீலப் பெயிண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கையுறையைக் கழற்றினார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"அந்த மீட்டரைக் கொஞ்சம் குடும்மா. ஒரு மணி நேரத்துல கொண்டாந்துடறேன்."

அவர் குரல் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வண்டி மூன்று உதை வாங்கிக்கொண்டுதான் கிளம்பியது. மாமனார் வாசல் வரை போய், தெருவே கேட்கும்படி, ரொம்ப அக்கறையாகச் சொன்னார்:

"சார், ஊஞ்சலோட விட்டுடாதீங்க. உங்க வீட்டு கேட்டும் அதுலதான் செஞ்சோம்!"

நான் பையிலிருந்து இன்னொரு படிவத்தை எடுத்தேன்.